பட்டா, படி, பெடல்

வயது வந்தவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தந்த அறிவொளி இயக்கத்தின் முதல் புத்தகத்தில் முதல் பாடம் 'பட்டா, படி'. அம்மாவும் ஆடும் அதில் முதலில் வரவில்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க இயக்கம் பரவியபோது மணமேல்குடி ஒன்றியத்தில் தொண்டனாகச் சேர்ந்தேன். எனக்கு அந்தப் புத்தகம்தான் ஆசிரியர் பயிற்சி. பின்னால் முறைப்படி படித்து, அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாயிற்று. என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால், பாடம் நடத்தினேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பாடம் நடத்துவது எளிது. தொண்டை இருந்தால் போதும். நான் பார்த்தது பயிற்சி கொடுக்கிற வேலை. எதை, எந்த வரிசையில், எத்தனை தடவை செய்யச் சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் அந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

அந்த இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ப, ட இரண்டிலும் வளைவு கிடையாது. நேர்கோடு இழுக்கத் தெரிந்த கைக்கு அவை வந்துவிடும். 'பட்டா' எழுதினால் புள்ளியும் காலும் வருகின்றன. 'படி' எழுதினால் இகரத்தின் விசிறி வருகிறது. தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்பதன் பாதி இந்த இரண்டு சொல்லுக்குள் முடிந்துவிடும். பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருந்தார்கள்: உங்கள் வீட்டு மனைக்குப் பட்டா இருக்கிறதா, யார் பேரில் இருக்கிறது? கடற்கரைக் குடியிருப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் அன்றைக்கு இரவு வகுப்பு முடிய நேரமாகும். பேசி முடித்த பிறகு எழுதுகிற 'பட்டா'வை அவர்கள் மறப்பதில்லை.

இந்த முறைக்கு மூத்தவர் பிரேசில் நாட்டின் பாவ்லோ ஃப்ரெய்ரே. 1963இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத் தந்து பேர் பெற்றவர். கற்பவரின் பிழைப்பிலிருந்து ஒரு சொல்லை எடு, அதைப் பற்றிப் பேசு, பிறகு அசை அசையாகப் பிரித்து வேறு சொற்களை உண்டாக்கு என்பது அவர் வழி. கட்டட வேலைக்காரர்களுக்கு அவர் கொடுத்த சொல் 'செங்கல்'. எங்களுக்குப் 'பட்டா'.

வயது வந்தவர்களின் கையை எழுத்துக்குப் பழக்குவது தனிக் கலை. குழந்தையின் கை தளர்ந்து இருக்கும். இறுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நாற்று நட்ட கையும் கருவாட்டுக் கூடை தூக்கிய கையும் நேர் எதிர். சிலேட்டுக் குச்சியைக் கொழுக்கொம்பைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். இரண்டாவது எழுத்திலேயே குச்சி முறியும். அவர்களுக்கு நாங்கள் முதலில் கொடுத்தது எழுத்தே இல்லை. சாய்கோடு, நேர்கோடு, அரைவட்டம், சுழி. அதிலும் ஒரு வேடிக்கை. தென்னங்கீற்று முடைகிறவர்களும் வலை முடிகிறவர்களும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வந்துவிடுவார்கள். ஒரே அசைவை அளவு பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வது அந்த விரல்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வேலை அந்தப் பழக்கத்தைச் சிலேட்டுப் பக்கம் திருப்பிவிடுவதுதான்.

சிலேட்டு வருவதற்குச் சில நாள் ஆனபோது மணலில் எழுத வைத்தோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் விரலால் மணலில் எழுதிப் பழகியது பழைய வழக்கம். சென்னை எழும்பூர் ராணுவ அநாதை இல்லத்தின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மணல் எழுத்தையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பேரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. ஒரு செய்தி மட்டும் கடற்கரைக்காரனாக நான் சேர்க்க வேண்டும்: காய்ந்த மணலில் எழுத்து நிற்காது, சரிந்துவிடும். தண்ணீர் தெளித்துத் தட்டிவிட்டு எழுத வேண்டும். மணலின் பெரிய நன்மை, தப்பை ஒரு கைவீச்சில் அழித்துவிடலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பேரன் எடுத்த ஆத்தாக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் அறிய மாட்டார்கள்.

1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் ஓர் அளவுகோல் வைத்திருந்தது. 200 மணி நேரக் கற்றலுக்குப் பிறகு ஒருவர் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பார்த்து 7 சொல் எழுத வேண்டும், சொல்லக் கேட்டு 5 சொல் எழுத வேண்டும். நூறு வரை எண்கள், மூன்று இலக்கக் கூட்டல் கழித்தல். மூன்று புத்தகங்களில் பாடம், பயிற்சி, தேர்வு மூன்றையும் ஒன்றாகவே கட்டிவைத்திருந்தார்கள். பயிற்சிக்கு ஒரு நோட்டு, தேர்வுக்கு ஒரு நாள், கூடம், மேற்பார்வையாளர் என்று எதுவும் தனியாகக் கிடையாது. போன வாரம் செய்ததை இந்த வாரம் தனியாகச் செய்து பார்ப்பதே தேர்வு. முப்பது வருடத்தில் கல்வித் துறையில் எத்தனையோ திட்டங்கள் பார்த்துவிட்டேன். செயல்வழிக் கற்றலின் ஏணிப்படி அட்டைகள் வந்தன, எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் வந்தன. நல்லவைதான். ஆனாலும் பயிற்சியையும் தேர்வையும் பயமில்லாமல் ஒரே பாயில் உட்கார வைத்ததில் அந்த மூன்று புத்தகங்களுக்கு ஈடு நான் பார்க்கவில்லை.

அந்த நாளில் பெரிய பேச்சு சைக்கிள்தான். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண் தொண்டர்கள் உள்கிராமங்களுக்குப் போய்வர வேண்டும் என்று சைக்கிள் பயிற்சியையும் எழுத்தறிவோடு சேர்த்தார். பெண்களுக்கு சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராக ஒலித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1996இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. பிறகு என்சிஇஆர்டி எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்திலும் அது பாடமாக இடம்பெற்றது. நம் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையை இந்தியில் படித்த பிள்ளைகள் உண்டு. எங்கள் ஒன்றியத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பயிற்சி நடந்தது பெரும்பாலும் கண்மாய்க்குள். கோடையில் வற்றிய கண்மாயின் உள்வாய் சமமாக, புழுதியாக இருக்கும். விழுந்தாலும் முழங்கை சிராய்ப்போடு போய்விடும். கரை உயரமாக இருப்பதால் தெருவில் போகிறவன் நின்று சிரிக்க முடியாது. மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிள்கள் எல்லாம் ஆண்கள் ஓட்டுகிற, குறுக்கே பார் வைத்தவை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாருக்குக் கீழே கால் விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் பழகினார்கள். பிறகு லேடீஸ் சைக்கிள் கிடைத்தபோதும் சிலர் பார் வண்டியே போதும் என்றார்கள். முன்னால் பாரில் ஒரு பிள்ளையையும் பின்னால் கேரியரில் ஒன்றையும் உட்கார வைக்கலாமே!

அங்கே ஆண் தொண்டர்களுக்கு என்ன வேலை? சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது, ஊர் ஒப்பாது. முதல் நாள் பழகிய பெண் இரண்டாம் நாள் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். நாங்கள் கரைமேல் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். செயின் கழன்றால் மாட்டிக் கொடுப்போம். பயிற்சியாளன் என்பவன் சில நேரம் பிள்ளை பார்க்கிறவன் மட்டும்தான் என்று அங்கே கற்றுக்கொண்டது, பின்னால் வகுப்பறையில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ரொம்ப உதவியது.

அந்தப் பெண்கள் பழக்கிய விதத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. ஆண்பிள்ளைகள் சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடிப்பதாகச் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் கையை விட்டுவிடுவது வழக்கம். பெண்கள் அப்படிச் செய்யவில்லை. "விடப்போறேன் அக்கா, அந்தப் பனையப் பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விடுவார்கள். விழுவாள், ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டாள். மறுநாளும் வருவாள். கையெழுத்துப் பயிற்சியிலும் நான் அதையே பின்பற்றினேன். புள்ளி வைத்துக் கொடுத்து அதன்மேல் எழுதச் சொல்லும்போது, நாளைக்குப் புள்ளி இருக்காது என்று இன்றைக்கே சொல்லிவிடுவேன்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பயிற்சி என்பது அங்கே வேறு ஜாதியாக இருந்தது. பேசினால் பத்துத் தடவை எழுது, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மைதானத்தை மூன்று சுற்று ஓடு. எழுதுவதும் ஓடுவதும் தண்டனை என்று எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு எந்த ஆசிரியர் வந்தும் அதைத் திருப்ப முடியாது. இம்போசிஷன் எழுதுகிற பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? வாக்கியமாக எழுதாது. 'நான்' என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை, பிறகு 'இனிமேல்' என்று ஒரு வரிசை, பிறகு 'பேச'. பத்துத் தடவை எழுதிய பிறகும் அந்த வாக்கியத்தை ஒரு தடவைகூடப் படித்திருக்காது. மூளையை வேலைக்கு அழைக்காமல் கையை மட்டும் ஓட்டுவது பயிற்சியில் சேராது. பி.டி. பீரியடை கணக்குக்குக் கடன் வாங்குகிற வழக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம். ஆனால் அந்தக் கடன் எந்தப் பள்ளியிலும் திரும்பி வந்ததில்லை என்பதோடு விடுகிறேன்.

கணக்குப் புத்தகத்தில் பயிற்சி என்று இருபது கணக்கு வரும். எல்லாம் ஒரே அச்சு. நான் அதில் ஐந்தைப் போடச் சொல்லிவிட்டு ஆறாவதை ஊரிலிருந்து எடுப்பேன். ஒரு தடவை கொடுத்தது இது: ஒருவர் எட்டுக் கூறு சங்கரா மீனை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். ஐந்து கூறைத் தலா 180 ரூபாய்க்கும், மிச்சத்தைச் சாயங்காலம் தலா 120 ரூபாய்க்கும் விற்றார். லாபம் எவ்வளவு? வகுப்பு முழுதும் 260 என்று எழுதியது. ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. "ஐஸ் காசு எவ்வளவு சார்? எங்க அம்மா கணக்குல ஐஸ் இருக்கும்." பின்னால் இருந்தவன் "ஆட்டோவுக்கு?" என்றான். ஐஸுக்கு 60, ஆட்டோவுக்கு 80 என்று அவர்களே விலை வைத்து, 120 ரூபாயில் வந்து நின்றார்கள். புத்தகத்துக் கணக்கில் விடை இருக்கிறது. இந்தக் கணக்கில் சண்டை இருந்தது. சண்டை வருகிற கணக்குத்தான் மறுநாள் வீட்டிலும் நடக்கும்.

ஊருக்கே நடக்கிற பயிற்சி ஒன்றும் இங்கே உண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்கரை மாவட்டங்களில் 'சாகர் கவாச்' என்ற பாதுகாப்பு ஒத்திகை நடக்கிறது. போலீஸ்காரர்களில் சிலர் ஊடுருவல்காரர்களாக வேடம் போட்டுப் படகில் வருவார்கள். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எங்கும் சோதனைதான். கரையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் வேடிக்கை. படகில் ஒருவன் உட்கார்ந்திருக்கிற தோரணையிலேயே அவன் கடலுக்குப் போகிறவனா இல்லையா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த அறிவைக் கேட்டு வாங்கிக்கொண்டால் ஒத்திகை இன்னும் உருப்படியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அறிவித்துவிட்டு வருவதற்குத்தான் ஒத்திகை உதவும். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் கிடந்த கோலம், எந்த ஒத்திகையிலும் யாரும் எழுதி வைத்திராதது.

எழுத்துக்கே திரும்பி வருகிறேன். அறிவொளியில் படித்தவர்களில் பலர் பிறகு எழுத்தை மறந்துபோனார்கள் என்பது உண்மை. அதை அவர்கள் சோம்பல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. சைக்கிள் பழகியவர்கள் அதை மறக்கவில்லை. தினமும் தண்ணீருக்கும் சந்தைக்கும் ஓட்ட வேண்டியிருந்தது. எழுத்துக்கு அப்படித் தினசரி வேலை யாரும் கொடுக்கவில்லை. பயிற்சிக்குப் பணம் ஒதுக்கிய அரசு, பழகியதைப் பயன்படுத்துவதற்கு இடம் ஒதுக்க மறந்துவிட்டது. தப்பிப் பிழைத்தது கையெழுத்து ஒன்றுதான். அதற்கு இடம் இருந்தது: வாக்குச்சாவடிப் பதிவேடு, குழுக்கடன் பத்திரம், ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிற மனு. மைப்பெட்டியை நீட்டுகிறவனிடம் "பேனா கொடுங்க" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதுக்கோட்டை அறிவொளியை நேரில் ஆராய்ந்து டொராண்டோ பல்கலைக்கழக மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியிட்ட புத்தகத்திலும், மனுவில் கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவது பெண்களுக்கு என்னவாக இருந்தது என்பது விரிவாக வருகிறது.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர்களாக இளம் பெண்கள் பலர் வருகிறார்கள். சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். பேரை எழுதக் கற்றுக்கொடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வாரம் அந்த அக்காவை வங்கிக்கு அழைத்துப் போய்ப் பணம் எடுக்கிற சீட்டை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். பட்டாவுக்கு மனு எழுத வேண்டுமென்று யாராவது வந்தால் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தாளையும் பேனாவையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.