பி பக்கத்தில் மாமா

எங்கள் ஊரில் பாட்டைப் பதிவு செய்வது என்ற பேச்சே கிடையாது. பிடிப்பதுதான். "அந்தப் பாட்டப் புடிச்சிட்டியாடா?" என்று கேட்பார்கள், வலையில் விழுந்த கொடுவாயை விசாரிக்கிற மாதிரி.

பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கிற மீனவர் தெரு. காரைக்காலுக்குத் தெற்கே. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வாஞ்சூர், அதைத் தாண்டினால் தமிழ்நாடு, நாகூர். அந்த நாகூரிலும் ஒரு பட்டினச்சேரி உண்டு. அதனால் எங்கள் வீட்டில் வந்த வம்பைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு டேப்ரெக்கார்டர் மூன்று வழியாக வந்தது. நாகப்பட்டினத்தைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1984 பிப்ரவரியில் தீப்பிடித்து நின்றுபோகும் வரை சிங்கப்பூர், மலேசியா சாமான் அதில் இறங்கும். காரைக்காலில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகளில் பிலிப்ஸ் இருக்கும். மூன்றாவது வழி எங்கள் மாமா. அத்தை புருஷன். பஹ்ரைனுக்கு மீன் பிடிக்கப் போனவர், முதல் லீவில் வரும்போது ஒரு பானாசோனிக் டூ இன் ஒன்னைத் தலையணை உறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டாம்பட்சம்.

கேசட் சேர்க்கிற பைத்தியம் அப்படித்தான் பிடித்தது. காரைக்காலில் கேசட் பிடித்துக் கொடுக்கிற கடை ஒன்று. நோட்டுப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார் கடைக்காரர். அறுபது நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு ஏழு பாட்டுதான் அடங்கும், எட்டாவது கேட்டால் முறைப்பார். நான் எட்டுதான் எழுதுவேன். எட்டாவது பாட்டு சரணத்தின் நடுவில் கழுத்தை அறுத்த மாதிரி நிற்கும். அந்தப் பாட்டை இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும், அந்த இடம் வந்தால் எனக்குள் ஒரு 'டக்' கேட்கும்.

அந்த அறுபது நிமிஷத்துக்கு உள்ளே இருப்பது சுமார் 90 மீட்டர் நாடா. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் அது சிக்கிக்கொண்டு, முழுவதையும் உருவி வாசலில் இருந்து மணல்மேடு வரை விரித்தேன். பிறகு நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகிச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்தேன். கை வீங்கிப் போயிற்று. பாட்டி வந்து பார்த்துவிட்டு, "நரம்பு வலை முடியிற கை, நல்லாத்தான் இருக்கு" என்றாள். பாராட்டா கேலியா தெரியவில்லை.

உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. கேசட்டின் ஐந்து திருகாணியும் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற குட்டிப் பஞ்சுத்துண்டு, பசை விட்டுக் கழன்று விழும். விழுந்தால் சத்தம் கிணற்றுக்குள் போய்விடும். அத்தையின் தலையணையில் இருந்து துணி வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஹெட்டைத் துடைக்க சொல்தா வீட்டில் யூடிகோலோன் இரண்டு சொட்டு கடன் வாங்குவேன். பாட்டு வாசனையோடு வரும்.

அபூர்வம் என்றால் எங்களுக்கு என்ன? கடையில் கிடைக்காதது. நாகூர் கந்தூரி சமயத்தில் தர்கா பக்கத்துக் கடைகளில் நாகூர் ஹனீபா கேசட்டுகள் குவிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்குப் பக்கத்திலேயே அவரும் இருந்தார். அதெல்லாம் அபூர்வத்தில் சேராது, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். சொல்தா தாத்தா ஒருவரிடம் கோயில் திருவிழாவில் மைக் முன்னால் டேப்பை வைத்துப் பிடித்த நாகஸ்வரம் இருந்தது. நடுவில் குழந்தை அழும், யாரோ "சுண்டல், சுண்டல்" என்பார்கள், பின்னால் ராகம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவர் அதை யாருக்கும் இரவல் தரமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். அதுதான் அபூர்வம்.

அபூர்வம் கையில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை என்பது வேறு கதை. 1986இல் எக்கோ நிறுவனம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை வெளியிட்டது. ராஜா என்ற பெயரைப் பார்த்து, கருவாடு விற்ற காசில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டால் பாட்டே இல்லை. வயலின், வயலின், மேலும் வயலின். தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன்காரருக்கும் அவர் வைத்த காணிக்கை அது, வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன் என்பதெல்லாம் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரு முழுக்கச் சிரித்தது. "ஏன்டா, பாடுறதுக்கு ஆளு கெடைக்கலையா ராசாவுக்கு?" இரண்டு நாளில் அதைக் கொடுத்துவிட்டு 'திருவிளையாடல்' வசன கேசட் வாங்கிக்கொண்டேன். கொடுத்ததற்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. வாங்கியதற்கு இல்லை. தருமி புலம்பல் எங்கள் தெருவுக்கே மனப்பாடம் ஆனது அந்த கேசட்டால்தான்.

மாமாவின் கேசட் அதற்கு முந்தின வருஷத்துக் கதை.

மாமாவுக்கு எழுத வராது. கடுதாசிக்குப் பதில் பேசி அனுப்புவார். டிடிகே அறுபதில் ஏ பக்கம் அவர் பேசுவார். பி பக்கம் நாங்கள் பதில் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்து விடவேண்டும். கேசட் வந்த அன்று கூடம் நிறைந்துவிடும். அவர் "அம்மா, சொகமா?" என்று கேட்டால் பாட்டி பெட்டியைப் பார்த்து "சொகம்தாண்டா" என்று சத்தமாகப் பதில் சொல்வாள். பதில் பிடிக்கும்போது இன்னும் கத்துவாள், பஹ்ரைன் தூரம் ஆயிற்றே. ஒருமுறை கரையில் மீன் ஏலம் விடுகிற சத்தத்தைப் பிடித்து அனுப்பச் சொன்னார் மாமா. டூ இன் ஒன்னைத் தோளில் சுமந்துபோய்ப் பிடித்தேன். ஏலக்காரர் அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு சுருதி ஏற்றிக் கூவினார்.

அந்த முறை வந்த கேசட்டின் ஏ பக்கத்தை எல்லோரும் இரண்டு தடவை கேட்டாயிற்று. மறுநாள் காலை, இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல். சோழகக் காற்று அடித்தால் கொழும்பு தெளிவாகக் கேட்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அன்றைக்கு அப்படிக் கேட்டது. நான் மாதக்கணக்கில் காத்திருந்த டி.எம்.எஸ். பாட்டு ஒன்று ஆரம்பித்தது. வெறும் கேசட் கையில் இல்லை. மாமா கேசட்டின் பி பக்கம் எப்படியும் காலிதானே? திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். அடுத்து ஒரு சுசீலா பாட்டும் வந்தது. அதையும் விடவில்லை.

சாயங்காலம் பதில் பேச உட்கார்ந்தாள் அத்தை. பி பக்கத்தை முதலில் இருந்து ஓட விட்டாள். டி.எம்.எஸ். வந்தார். அத்தை என்னைப் பார்த்தாள். சுசீலா வந்தார். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். நடு வாக்கியத்தில் மாமா.

"...கிட்ட குடுத்து விட்டிருக்கேன். போயி கேட்டு வாங்கிக்க. ஒன் கைக்கு அளவா இருக்கும்னு நெனக்கிறேன். சரி, வச்சிரவா?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் இரைச்சல்.

முதல் முறையாக மனிதர் பி பக்கத்திலும் பேசியிருக்கிறார், அதுவும் அத்தைக்கு மட்டும். யாரிடம் கொடுத்தார், என்ன கொடுத்தார், இரண்டும் பாட்டுக்கு அடியில் போய்விட்டன. கைக்கு அளவு என்றால் வளையல்தான் என்றாள் பாட்டி. எத்தனை பவுன் என்பதில் பக்கத்து வீடு வரை சண்டை. எனக்கு விழுந்த அடியை விவரிக்க வேண்டாம். அத்தை மட்டும் அடிக்கவில்லை. "அவரு பேசுறதே எப்பவோ ஒருக்கா. அதுலயும் பாதி பாட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விசாரித்து அனுப்பிய கேசட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அது ஒரு லேடீஸ் வாட்ச். கொண்டுவந்தவர் நாகூரில் இறங்கி, அங்கே இருக்கிற பட்டினச்சேரியில் வீடு வீடாக விசாரித்திருக்கிறார். யாரும் வந்து கேட்கவும் இல்லை. லீவு முடிந்து வாட்ச்சோடு திரும்பிப் போய்விட்டார். அப்புறம் அது மாமாவோடுதான் ஊருக்கு வந்தது. அதற்குள் பெல்ட் வெடித்திருந்தது.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பிடிக்க முடியாது. அந்த கேசட்டின் இரண்டு தடுப்பையும் அத்தை என்னை வைத்தே உடைக்கச் சொன்னாள். அரிவாள்மனை நுனியால் நெம்பினேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு என்னிடம் சேர்ந்திருந்த கேசட் பெட்டி இல்லை. அதைப் பற்றிப் பேசவே அப்போது கூச்சமாக இருந்தது, தெருவில் போனது அப்படி. பல நாள் கழித்து, கரையோரத்துக் கருவேலமுள்ளில் பழுப்பு நாடா சுற்றிக்கொண்டு காற்றில் படபடத்ததைப் பார்த்தேன். யாருடையதோ. பஞ்சுத்துண்டு கழன்றதென்று சரிசெய்ய, காரைக்காலில் அப்போது நான் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்ததால் மாமா கேசட் மட்டும் தப்பியது. பிறகு வேறு ஒரு கேசட்டின் கூட்டைக் கழற்றி, நாடாவை அதற்குள் மாற்றிக் கோத்தேன்.

இப்போது மாமா ஊரோடு இருக்கிறார். பொங்கலுக்குப் போனால் அந்த கேசட்டைப் போடச் சொல்லுவாள் அத்தை. சுசீலா முடிந்து 'டக்' வந்ததும், இரண்டு பேருக்கும் அதே வழக்கு.

"வாட்ச்ச மட்டுமா சொன்னேன்? அந்த எட்டு நிமிசத்துல என்னல்லாம் பேசுனேன் தெரியுமா ஒனக்கு?"

"என்ன பேசுனீங்க, இப்ப சொல்லுங்க."

மாமா என்னைக் கைகாட்டுவார். "அவனக் கேளு. அவந்தான அழிச்சான்."