எந்த சிலிண்டர் எண்டு கேளுங்கோ

எங்கட வீட்டு வருமானம் ஒரு வானின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. ரொயோட்டா ஹயஸ், எங்கட ஆக்கள் 'டொல்பின்' என்று சொல்கிற பழைய வான். அதில் சீற்றைத் தூக்கினால்தான் எஞ்சினைக் காணலாம். 3எல் டீசல் எஞ்சின், நாலு சிலிண்டர், 2779 சிசி. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மிச்ச நேரம் ஹயர். அந்தச் சூட்டுக்கு மேல் இருந்துதான் அப்பா என்னைக் கம்பஸ் வரைக்கும் படிப்பித்தார்.

போன வருடம் வான் நடுங்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் வெள்ளைப் புகை. கொஞ்சம் ஓடினால் புகை குறையும், நடுக்கம் போகாது. ஆள் நிறைந்தால் இழுவை இல்லை. முதலில் காட்டிய கராச்சில் சத்தத்தைக் கேட்டுவிட்டே தீர்ப்புச் சொன்னார்கள்: "எஞ்சின் முடிஞ்சுது. இறக்கி புல் வேலை செய்யோணும்." அவர்கள் சொன்ன தொகை எங்களுக்கு ஆறு மாத வருமானம். வேறு வான் வாங்குவது கதைக்கவே முடியாத விசயம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அதற்குள் பழைய வான்களின் விலையே எங்கேயோ போய்விட்டது. வீட்டில் அம்மாவின் சங்கிலியைப் பற்றிக் கதை வந்தது.

அடகுக்குப் போக முதல் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று அப்பா எங்கட ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனார். அப்பாவே 'அண்ணை' என்று கூப்பிடுகிற வயதான மனுசன். எனக்கு லீவு. போன் டோர்ச்சைப் பிடிக்கிற வேலை எனக்கு.

அவர் எதையும் இறக்கவில்லை. எஞ்சினை ஓட விட்டு, இன்ஜெக்டருக்கு டீசல் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். ஒன்று, இரண்டு, நாலைத் தளர்த்தும்போது சத்தம் விழுந்தது. மூன்றில் ஒரு மாற்றமும் இல்லை. "வேலை செய்யாதவன் லீவு எடுத்தா ஆருக்குத் தெரியும், பிள்ளை?" என்றார். பிறகு ஒன்றினதும் மூன்றினதும் இன்ஜெக்டர்களை மாற்றிப் போட்டார். குறை மூன்றிலேயே நின்றது. அப்போ இன்ஜெக்டரில் பிழை இல்லை.

அடுத்தது கொம்பிரசன். ஹீற்றர் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜைப் பூட்டினார். 410, 400, 260, 405 பிஎஸ்ஐ. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி வரும் சூட்டில்தான் டீசல் எரியும். அமுக்கம் குறைந்த சிலிண்டரில் எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வந்தது.

நான் வீடியோக்களில் பார்த்திருந்தேன்: சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு அமுக்கம் ஏறினால் றிங் தேய்ந்தது என்று அர்த்தம். அதைக் கேட்டேன். "அது பெற்றோலுக்கு, இதுக்குச் சரிவராது" என்றார். வீட்டில் கணக்குப் பார்த்தேன். 2779ஐ நாலால் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 695. இந்த எஞ்சின் காற்றை ஏறக்குறைய 22இல் ஒரு பங்காக அமுக்குகிறது. பிஸ்டன் மேலே வந்தால் மிஞ்சும் இடம் 33 சிசி அளவுதான். ஒரு கரண்டி ஒயில் போனாலே அந்த இடம் சுருங்கி, றிங் எப்படி இருந்தாலும் கேஜ் ஏறும்.

அவர் செய்தது வேறு. மூன்றாவது பிஸ்டனை வால்வுகள் மூடியிருக்கும்படி உச்சிக்குக் கொண்டுவந்து, கொம்பிரசரால் காற்று அடித்தார். பிறகு எங்கே சீறுகிறது என்று கேட்கச் சொன்னார். ஒயில் மூடிப் பக்கம் என்றால் றிங். எயார் கிளீனர் பக்கம் என்றால் காற்று உள்ளே வரும் வால்வு. றேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் கஸ்கட், இல்லாவிட்டால் ஹெட்டில் வெடிப்பு. சைலன்சர் குழாய் என்றால் புகை வெளியே போகும் வால்வு.

ஒயில் மூடியில் மெல்லிய மூச்சு மட்டும்; அது எந்த எஞ்சினிலும் கொஞ்சம் இருக்கும். சைலன்சர் வாயில் காது வைத்தேன். பாம்பு மாதிரிச் சீறியது.

ஹெட்டை மட்டும் கழற்றினார். சிலிண்டர் சுவரில், புதிதாய்ச் செய்தபோது போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. அங்கே பெரிய தேய்வு இல்லை. வால்வின் விளிம்பில் விரல்நகம் அளவு எரிந்து போயிருந்தது. வால்வுக்கு மேலே விடுகிற இடைவெளி அரை மில்லிமீற்றர்கூட இல்லை. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்க இறங்க அந்த இடைவெளியும் இல்லாமல் போகும். பிறகு சூட்டில் வால்வு முழுதாக மூடாது, தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தவும் முடியாது, எரியும். வால்வு மாற்றி, லேத்தில் இருக்கையைச் சீவி, ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்துப் பூட்ட நாலு நாள். செலவு முதல் சொன்ன தொகையில் காற்பங்கும் இல்லை. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.

முதல் கராச்சில் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புல் வேலை செய்திருந்தாலும் நடுக்கம் போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் எந்தக் குறையும் போகும்தானே. ஆனால் எது குறை என்பது கடைசிவரை ஒருவருக்கும் தெரியாமல் போகும், அந்தத் தெரியாமைக்கான காசையும் நாங்கள்தான் கட்டுவோம். நான் வரலாறு படிக்கிறவள். ஆதாரம் என்ன என்று கேட்கச் சொல்லி விரிவுரையில் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்கள். கராச்சில் அப்படிக் கேட்க எங்களுக்கு வாய் வருவதில்லை, "உங்களுக்கு என்ன தெரியும்" என்று திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

மெக்கானிக் வேலை தெரியாமலும் மூன்று கேள்வி கேட்கலாம். எந்த சிலிண்டர்? நாலிலும் அமுக்கம் எவ்வளவு? காற்று எந்தப் பக்கத்தால் போகுது? நாலும் குறைந்து, ஒயில் மூடிப் பக்கம் பலமாகச் சீறினால் புல் வேலைதான். அப்போது கடன்பட்டாலும் எதற்குப் படுகிறோம் என்று தெரியும்.

அப்பா இப்போது ஹயர் கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் அந்த நாலு எண்களையும் திகதியோடு எழுதி வைத்திருக்கிறார். வேலை முடிந்தபின் பார்த்த எண்கள் அதற்குக் கீழே: 410, 405, 400, 405.