பூவுக்கும் ஒரு மகமை

டீக்கு விளம்பரம் உண்டு. காப்பிக்கு உண்டு. முட்டைக்குக்கூட உண்டு. சோப்புக்கும் ஷாம்புவுக்கும் கேட்கவே வேண்டாம். ஆனால் மல்லிகைப் பூவுக்கென்று தனியாக ஒரு விளம்பரத்தை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா, சகோதரிகளே? நான் பார்த்ததில்லை. நகைக்கடை விளம்பரத்தில் மணப்பெண் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் அங்கே விற்பது நகை; பூ அல்ல.

நாங்கள் பூவை நம்பிப் பிழைக்கிறவர்கள். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற சின்ன ஊர் எங்களுடையது. நெல் வயல் போக அறுபது சென்டில் மல்லியும் பிச்சியும் போட்டிருக்கிறோம். வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் ஜாதிமல்லி என்பதைத்தான் எங்கள் பக்கம் பிச்சி என்போம். விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும்.

பூவுக்குப் பொறுமை கிடையாது. காலையில் மொட்டு, ராத்திரி மலர், மறுநாள் குப்பை. நெல்லைப்போலக் குதிரில் கொட்டி வைத்து, நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. மார்கழி, தைப் பனியில் செடி சரியாகப் பூக்காது. அப்போது கிலோ 2000 ரூபாயைக்கூடத் தாண்டும். அது பத்திரிகையில் செய்தியாக வரும். கொத்துக் கொத்தாய்ப் பூக்கிற காலத்தில், முகூர்த்தம் இல்லாத நாளில், பறிகூலிக்குக்கூடக் காணாது. அது எந்தப் பத்திரிகையிலும் வராது.

மூன்று வருஷத்துக்கு முந்தி, புரட்டாசி மகாளய பட்சத்தில் அப்படித்தான் ஆயிற்று. கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. செடியோ பூத்துக் குலுங்குகிறது. ஒருநாள் என் வீட்டுக்காரர் பன்னிரண்டு கிலோ கொண்டுபோய், பாதியைத் திரும்பக் கொண்டுவந்தார். வாசலில் கூடையை வைத்துவிட்டு, முகம் கழுவாமல் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அத்தையின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

அந்த மகள்தான் லீவுக்கு வந்திருந்தாள். “தலையில ஒரு முழம் வச்சிக்கயேன்” என்று பிச்சியை நீட்டினேன். “போம்மா. பூ வச்சிட்டுப் போனா ஹாஸ்டல்ல எல்லாரும் ‘என்னட்டி, கோயில் கொடையா?’ன்னு கேலி பண்ணுதாளுவ” என்றாள். பூ விளைகிற வீட்டுப் பெண்ணே இப்படிச் சொன்னால், மற்றவர்களைச் சொல்வானேன்?

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மதினி (என் வீட்டுக்காரரின் அக்கா) லேசுப்பட்டவர் அல்ல. ரோட்டோரத்தில் சின்ன நர்சரி வைத்திருக்கிறார். துளசி, குரோட்டன்ஸ், மணிபிளான்ட், செம்பருத்தி என்று தொட்டி தொட்டியாக விற்கிறார். “பூ வைக்கிறது பழசுன்னு பிள்ளைய நினைக்கி. அழகுன்னு நினைக்க வைக்க யாரு இருக்கா? ஆளுக்குக் கொஞ்சம் துட்டு போட்டு நாமதான் சொல்லணும்” என்றார். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

இரண்டு மாதம் கழித்து, கோயில் மண்டபத்தில் ஊர்ப் பூக்காரர்கள் கூடினோம். நாற்பது குடும்பம். ஆளுக்குச் சராசரி ஐந்து கிலோ என்றால் நாளைக்கு இருநூறு கிலோ. கிலோவுக்கு ஒரு ரூபாய் கழித்தால் நாளைக்கு இருநூறு ரூபாய், மாதம் ஆறாயிரம். பூ குறைவான மாதங்களைத் தள்ளினாலும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் தேறும். அதை வைத்துப் பூவைப் பற்றி நாலு ஊரில் சொல்லலாம், ஓணத்துக்குக் கேரளத்துக்கு நேராக அனுப்ப வண்டி பிடிக்கலாம் என்பது மதினியின் யோசனை.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. “விருப்பப்பட்டவன் கொடுக்கட்டும். கட்டாயம்னா அது வரி. ஏற்கெனவே கமிஷன், வண்டி வாடகைன்னு போவுது. இதுவும் போனா மிஞ்சறது காம்புதான்” என்றார். அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முந்தி வேறொரு சங்கத்துக்கு இப்படித்தான் பணம் கட்டினோம். ரசீதும் இல்லை, கணக்கும் இல்லை. பணம் ஆற்றில் கரைத்த புளியாகப் போயிற்று.

கட்டாயமாகப் பங்கு வாங்கிப் பொது விளம்பரம் செய்வது இன்று நேற்று வந்த யோசனையா? மகளைத் தேடிப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். கேட்டவை எனக்கே ஆச்சரியமாக இருந்தன.

நம் மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டம் போட்டார்களே, அந்தத் தேயிலையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903-க்கு முன்னால் தோட்டக்காரர்கள் தாங்களாகவே நன்கொடை போட்டு விளம்பரம் செய்தார்கள். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்காமலே பலனை அனுபவித்தார்கள். கொடுத்தவர்களுக்கு வயிறு எரியாதா? அவர்களே அரசாங்கத்திடம் போய், “எல்லாரிடமும் கட்டாயமாக வாங்குங்கள்” என்று கேட்டார்கள். 1903-ல் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகிற தேயிலைக்குப் பவுண்டுக்குக் கால் பை. ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் கால் என்றால் எவ்வளவு சின்னத் தொகை, பாருங்கள்! அந்தக் கால் பைகள் சேர்ந்த பணத்தில்தான் பின்னாளில் ஊர் ஊராக ஆள் அனுப்பி, தெருவில் டீ போட்டுக் கொடுத்துக் குடிக்கப் பழக்கினார்கள். நீராகாரம் குடித்த வீட்டிலெல்லாம் டீ நுழைந்தது இப்படித்தான். காப்பிக்கும் 1935-ல் இதேபோல் ஒரு தீர்வை வந்தது; மறு வருஷமே பம்பாயில் முதல் காப்பி ஹவுஸ் திறந்தார்கள். தேயிலைத் தீர்வை நம் காலத்தில், ஜி.எஸ்.டி. வந்த 2017-ல்தான் எடுக்கப்பட்டது.

முட்டையின் கதை வேறு. 1982-ல் கோழிப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். நாமக்கல்லில் இன்ன விலை என்று தினமும் கேட்கிறோமே, அந்தக் குழுதான். டெலிவிஷனில் முட்டை விளம்பரம் வந்ததும் அவர்களால்தான். அதற்குச் சட்டம் கிடையாது. பண்ணைக்காரர்கள் தாங்களாகவே கொடுத்தார்கள்.

பூவுக்கே இப்படிச் செய்து பார்த்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1993-ல் இதற்காக ஒரு சட்டம் போட்டு, பெரிய மொத்த வியாபாரிகளிடம் கட்டாயப் பங்கு வாங்கி, பூ விளம்பரம் செய்தார்கள். 1997-ல் பணம் கட்டியவர்களிடமே ஓட்டெடுத்தார்கள். ‘வேண்டாம்’ என்று தீர்ப்பாயிற்று, நிறுத்திவிட்டார்கள். பூவுக்குப் பெயர் போன ஹாலந்திலும் பயிர்த்தொழிலுக்கென்று சட்டப்படி வாரியம் வைத்து, எல்லாரிடமும் தீர்வை வாங்கினார்கள். அந்த மாதிரி வாரியங்களை 2015 தொடக்கத்தில் கலைத்துவிட்டார்கள். ஆனாலும் விளம்பரம் நிற்கவில்லை. மாதம் ஒரு வீட்டுச் செடியைத் தேர்ந்தெடுத்து, ‘இந்த மாதச் செடி இது’ என்று சொல்லி விற்றார்கள். மதினிக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. “நம்ம ஆடி மாசத்துக்குத் துளசியும் வேம்பும் வச்சா எப்படி இருக்கும்!” என்று அப்போதே கணக்குப் போட்டார்.

இத்தனையும் கேட்டபின், எங்கள் எதிர்வீட்டு ஆச்சி சொன்னதுதான் எனக்கு மனசில் தைத்தது. ஆச்சிக்கு எழுபது வயசு. ஐம்பது வருஷமாகப் பூக் கட்டுகிறார். “அயல்நாட்டுக்கு ஏன் போறிய? நம்ம பக்கத்துல மகமைன்னு வாங்கலியா? பிடியரிசி எடுக்கலியா?” என்றார்.

உண்மைதானே! விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்துப் பொதுக்காரியம் நடத்தினார்கள். விருதுநகரில் 1889-ல் ஆரம்பித்த க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் அப்படி வளர்ந்ததுதான். சோற்றுக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசியாலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் அந்த ஊர்ப் பெண்கள். மகமையைக் கொடுக்காமல் ஒருவர் தப்பிக்க முடியாது. ஆனால் அதை வரி என்று யாரும் முனகவில்லை. காரணம், அந்தப் பணம் பள்ளிக்கூடமாகக் கண்ணெதிரே நின்றது.

ஆச்சி இன்னொன்றும் கேட்டார். “தோட்டக்காரங்க ரூபா போடுவாவ. சரி. நாள் முச்சூடும் நாரும் கையுமா உக்காந்து கட்டுறோமே, எங்களுக்கு அதுல என்ன பேச்சு?” மண்டபத்தில் யாருக்கும் பதில் வரவில்லை. பூவைக் கடைசியாக வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். எந்தப் பெண் எதற்காக வாங்காமல் போகிறாள் என்று தோட்டக்காரருக்குத் தெரியாது, கமிஷன் கடைக்காரருக்கும் தெரியாது, ஆச்சிக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் எழுந்து பேசினேன். ஒரு வருஷம் சோதனையாகப் பார்ப்போம். கணக்கைக் கோயில் சுவரில் மாதாமாதம் எழுதுவோம். பூக் கட்டுகிற பெண்கள் இரண்டு பேர் குழுவில் இருக்க வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். கட்டாயம் என்று சொல்ல எங்களுக்குச் சட்டமா இருக்கிறது? சம்மதம் எழுதிக் கொடுத்தவர் கணக்கில் மட்டும் கழிப்பதென்று முடிவாயிற்று. முப்பத்தொரு குடும்பம் எழுதிக் கொடுத்தது. ஒன்பது குடும்பம் கொடுக்கவில்லை. அந்த ஒன்பதில் என் கொழுந்தனார் வீடும் ஒன்று.

சேர்ந்த பணத்தில் என்ன செய்தோம்? டீக்காரர்கள் செய்ததையே செய்தோம். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுனில் நின்று, பாவாடை தாவணிக்கும் சரி, சுடிதாருக்கும் சரி, வருகிற இளம்பெண்களுக்கெல்லாம் ஒரு சாண் பிச்சி இலவசமாகக் கொடுத்தோம். ஆச்சியும் மற்றவர்களும் சரமாக நீளக் கட்டாமல், ஒரே ஒரு கொண்டை ஊசியில் குத்திக்கொள்கிற மாதிரிச் சின்னச் சின்னதாகக் கட்டினார்கள். அந்தச் சின்னக் கட்டு இப்போது கல்லூரி வாசலில் தனியாகவே விற்கிறது. ஓணத்துக்கு வண்டி பிடித்தோம். விலை மலைபோல ஏறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போன புரட்டாசியில் கூடை திரும்பி வரவில்லை.

சண்டையும் வந்தது. ஓண வண்டியில் கொழுந்தனார் பூவும் ஏறியது. “மழை பெஞ்சா எல்லார் வயல்லயும்தான் பெய்யும் மதினி” என்று சிரித்தார். “மழைக்கு யாரும் துட்டு கட்டல தம்பி. இதுக்கு உங்க அண்ணன் கட்டியிருக்காவ” என்றேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறி ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. அவர் மகள் சின்னம்மாள் மட்டும் கொல்லைப்புறமாக வந்து போகிறாள்.

வருகிற தை மாதம், எல்லாருக்கும் கட்டாயம் என்று ஆக்குவதா வேண்டாமா என ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும். கொடுக்காதவர் பூவைப் பொது வண்டியில் ஏற்றுவதில்லை என்று ஆகிவிடும். என் வீட்டுக்காரர் இன்னும் அரை மனசாகத்தான் இருக்கிறார். என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். கட்டாயம் இருக்கலாம், நான்கு நிபந்தனைகளோடு.

ஒன்று, தொகை கால் பை மாதிரிச் சின்னதாக இருக்க வேண்டும். விலை விழுந்த நாளில் கழிக்கவே கூடாது. இரண்டு, கணக்கு சுவரில் இருக்க வேண்டும். மூன்று, அமெரிக்காவில் செய்ததுபோல மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டெடுக்க வேண்டும். வேண்டாமென்றால் நிறுத்திவிட வேண்டும். நான்கு, விளம்பரத்தில் பொய் கூடாது.

நான்காவதை ஏன் சொல்கிறேன் என்றால், மதினி நர்சரியில் ‘வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும்’ என்று போர்டு வைக்க ஆசைப்பட்டார். 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா மூடிய பெட்டிக்குள் செடியை வைத்து நடத்திய சோதனையிலிருந்து பரவிய பேச்சு இது. 2019-ல் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்தபோது, வீட்டில் காற்று மாறுவதற்குச் சமமாகச் செடியால் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிவரை வேண்டும் என்று தெரிந்தது. அத்தனை செடி வைத்தால் நாம் எங்கே படுப்பது? காற்றுக்கு ஜன்னலைத் திறவுங்கள். கண்ணுக்கும் மனசுக்கும் செடி வையுங்கள். இதைச் சொன்னதும் மதினியே போர்டை மாற்றி எழுதிவிட்டார். எல்லாருடைய காசிலும் பேசுகிறபோது எல்லாருக்கும் நாணயம் வேண்டும் அல்லவா?

கொழுந்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: “கூட்டத்துக்கு வாங்க தம்பி. வேண்டாம்னு கை தூக்கினாலும் சரி, வந்து தூக்குங்க.” அவர் வேண்டாம் என்று சொல்லி, பெரும்பாலோர் வேண்டும் என்று சொன்னால், அவரும் கொடுக்கத்தான் வேண்டும். பெரும்பாலோர் வேண்டாம் என்றால், நானும் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான், சகோதரிகளே. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், விசேஷமில்லாத புரட்டாசி நாளிலும் ஒரு முழம் வாங்குங்கள். ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மறுநாளும் வாடாது. பேரம் பேசுமுன், எதிரில் உட்கார்ந்து கட்டுகிறவரின் விரல்களை ஒருமுறை பாருங்கள்.