நுகர்வோர் யார்? ஜோகுபாளையத்து ஆட்டோவும் இரண்டு சட்டங்களும்

நுகர்வோர் என்னும் சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் ஒரே பொருள் இல்லை. அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் வசிக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு இது கைப்பட்ட செய்தி. வண்டி அவருடையது, கடன் தவணை முடியவில்லை. சவாரி தரும் செயலி ஒருநாள் காலையில் அவருடைய கணக்கை முடக்கியது. காரணம் சொல்லவில்லை. நான்கு நாள் வருமானம் போயிற்று. தவணை நாள் மட்டும் தவறாமல் வந்தது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாமே என்றாள் பி.காம். படிக்கும் மகள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

ஆனால் அவர் நுகர்வோரா? வண்டியைப் பொறுத்தவரை ஐயமில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கில் பொருள் வாங்குவோரை விலக்கி வைத்தது. சுயதொழிலால் பிழைப்பதற்கென வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்ற விளக்கம் 1993இல் சேர்ந்தது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவையின் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் மீது தொடுத்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை விரித்துரைத்தது. இயந்திரம் வாங்கிய அந்நிறுவனம் நுகர்வோர் அல்ல. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே. எடுத்துக்காட்டாகவே ஆட்டோ அத்தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது.

செயலி பொருளன்று, சேவை. சிக்கல் இங்கேதான். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வணிக நோக்கில் சேவை பெறுவோரையும் விலக்கியது. கூடவே, பிழைப்புக்காகப் பெறும் சேவைகளையும் மேற்சொன்ன விளக்கத்துக்குள் கொண்டுவந்து ஈடுசெய்தது. பழைய சட்டத்தை நீக்கி வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் பொருள்கள் மட்டுமே எஞ்சின. சேவைகளைக் குறித்த சில சொற்கள் உதிர்ந்துவிட்டன. வரைவின் கவனக்குறைவோ, எண்ணிச் செய்ததோ, செயலிகளை நம்பிப் பலர் பிழைக்கத் தொடங்கிய காலத்திலேயே அது நேர்ந்தது. தம் ஆட்டோவுக்கு நுகர்வோராக இருப்பவர், அந்த ஆட்டோவுக்குச் சவாரி தரும் செயலிக்கு நுகர்வோர் என்று வாதிட, எழுத்தில் பிடிமானம் இல்லை.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இதற்கு நேர்மாறு. வணிக நோக்கில் பெறுபவரும் அதில் நுகர்வோரே. கதவு அகலம், உள்ளே நுழைந்தால் சுவர். ஃபாஸ்ட் ட்ராக் கால் கேப், மேரு ஆகிய நிறுவனங்கள் ஓலாவின் மீது அளித்த புகார்கள் பெங்களூரு வாடகைக் கார் சந்தையைப் பற்றியவையே. அடக்க விலைக்கும் கீழாகக் கட்டணம் வைத்துப் போட்டியாளரை ஒழிக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஊபரும் களத்தில் இருப்பதால் ஓலாவுக்குத் தனி ஆதிக்கம் இல்லை என்று 2017 ஜூலையில் போட்டி ஆணையம் வழக்கை முடித்தது. கூட்டு ஆதிக்கம் என்ற கருத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னது.

அவ்விடத்தை உண்டாக்க முயன்ற மசோதா 2012இல் வந்து, 2014இல் மக்களவையோடு காலாவதியானது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அபராதத்தை உலகளாவிய விற்றுமுதலோடு பிணைத்தது. சமரசத் தீர்வுக்கு வழி திறந்தது. கூட்டு ஆதிக்கத்தைத் தொடவில்லை.

தொடாததற்கு நியாயம் உண்டு. ஒன்றையொன்று வீழ்த்தக் கோடிகளை இறைக்கும் இரு நிறுவனங்களைக் கூட்டாளிகள் என்பது எளிதன்று. பயணிக்கு அந்தப் போட்டி மலிவான கட்டணமாகவே தெரிந்தது. ஓட்டுநரின் பக்கம் வேறு: இரண்டு செயலிகளிலும் நிபந்தனை ஒன்றுபோல இருந்தால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவதில் அவருக்கு என்ன பேரம்? சந்தையைப் பயணியின் பக்கமிருந்து மட்டும் அளப்பவர்களுக்கு இக்கேள்வி எழுவதே இல்லை.

கர்நாடக அரசு 2025இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கெனச் சட்டம் இயற்றி, முறையீட்டுக்கும் வழி வகுத்திருக்கிறது. நலத்திட்டம் என்ற அளவில் நன்று. எனினும் போன நான்கு நாள் வருமானத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை நுகர்வோர் சட்டத்தில்தான் அமைய வேண்டும். கூட்டு ஆதிக்கம் இன்னும் பல ஆண்டு விவாதம் கேட்கும். 2019இல் உதிர்ந்த சொற்களைத் திரும்பச் சேர்க்க அவ்வளவு காலம் வேண்டாம். நாடாளுமன்றத்துக்கு அது ஒரு பிரிவுத் திருத்தம்.