கட்டி போன பிறகு மாத்திரை எதற்கு?

மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன், கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்து வீடு திரும்பும் பெண்கள் பலருக்கு டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதித் தருகிறார். டமாக்ஸிஃபன் என்று பெயர். தினம் 20 மில்லிகிராம், பெரும்பாலும் 5 வருஷம். சிலருக்கு 10 வருஷம்கூட.

என் நாத்தனாருக்கு வயது 44. இரண்டு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆனால் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தகிக்கும். ராத்திரியில் தலையணை நனைகிற மாதிரி வியர்க்கும். "கட்டியைத்தான் எடுத்தாச்சே அண்ணி, இனிமே இந்த மாத்திரை எதை விரட்டப் போகுது?" என்று அட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டாள். நியாயமான கேள்விதானே? 'டாக்டர் சொன்னார், சாப்பிடு' என்றால் யாருக்கு மனசு சமாதானமாகும்? நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். அதனால் கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் பெண்ணைக் கூப்பிட்டு அத்தை பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

மார்பக செல்லுக்குள் ரிசெப்டர் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பந்தியில் போட்ட இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வந்து அந்த இலையில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர்கள் ஓடி வருவார்கள். அவர்களும் புரதங்கள்தான். 'வளரு, பெருகு' என்று சொல்லும் ஜீன்களை அவர்கள் திறந்துவிடுவார்கள். டமாக்ஸிஃபன் செய்வது என்னவென்றால், முந்திக்கொண்டு போய் அந்த இலையில் உட்கார்ந்துவிடுகிறது. அது உட்கார்ந்ததும் ரிசெப்டரின் வடிவமே மாறிப்போகிறது. பரிமாறுகிறவர்கள் கிட்டே வர முடியாது. அவர்களுக்குப் பதிலாகப் பந்திப்பாயைச் சுருட்டுகிறவர்கள் வருகிறார்கள்! என்-கோர், ஸ்மார்ட் என்று அந்தப் புரதங்களுக்குப் பெயர், 1995-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஜீன் இருக்கும் இழையை இவர்கள் இறுக்கிச் சுருட்ட வைத்துவிடுவதால், செல்லால் அதைப் படிக்க முடிவதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்கேயாவது தங்கியிருக்கலாம். மாத்திரையின் முக்கிய வேலை அவற்றை வளரவிடாமல் வைத்திருப்பது. ஈஸ்ட்ரோஜனோ உடம்பில் சுரந்துகொண்டே இருக்கிறது. மாத்திரை எழுந்து போனால் இலை காலி. பந்தி மறுபடி ஆரம்பம். "அப்போ இது காவல்காரன்னு சொல்லு," என்றாள் நாத்தனார். மறுநாள் அட்டை அலமாரியிலிருந்து சமையலறைக்கு வந்துவிட்டது. டாக்டரிடம் சொன்னதில் வியர்வைக்கும் ஏதோ வழி செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி இந்த மருந்தைத் தயாரித்தபோது, அவருடைய கம்பெனி தேடிக்கொண்டிருந்தது கர்ப்பத்தடை மருந்தை! அதற்கு இது உதவவில்லை. 1973-ல் அங்கே மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பல நாட்டுப் பெண்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் சொன்னார்கள்: 5 வருஷம் சாப்பிட்டவர்களிடம், முதல் 15 வருஷத்தில் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறதாம்.

எல்லோருக்கும் இது கேட்காது. எடுத்த கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் 'பாஸிடிவ்' என்று இருந்தால்தான் பலன். இலையே போடாத இடத்தில் யார் போய் உட்கார்வது? ஒரு நாள் மறந்துபோனால் குடி முழுகிவிடாது; அதற்காக மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

கர்ப்பப்பையில் மட்டும் கதை வேறு. அங்கே பரிமாறுகிறவர்கள் அதிகம். அதனால் அதே மாத்திரை அங்கே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொண்டு, உள்சவ்வைத் தடிக்கவைக்கலாம். அபூர்வமாக அங்கே புற்றுநோயும் வரலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், நிற்காதவர்களுக்கு வழக்கத்துக்கு மாறாகப் போனாலும், வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே. என் நாத்தனார் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே தன் தேதிகளையும் குறித்துக்கொள்கிறாள்.