புல்லுருவி இல்லை அப்பத்தா, ஆர்க்கிட்

மக்களே, முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். இன்டெர்ன்ஷிப்ல வந்த முதல் ஸ்டைபண்டுல நான் வாங்கினது ஷூ இல்லை, இயர்பட்ஸ் இல்லை. 700 ரூபாய்க்கு ஒரு ஆர்க்கிட் செடி. நாற்பதே நாளில் அதைக் கொன்றும் விட்டேன்.

எங்க ஊர் அருப்புக்கோட்டை. தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: மல்லிகை, தறி, வெயில். எங்க அப்பத்தா காலம் பூரா பூக்கட்டிச் சம்பாதிச்சவங்க. கட்டவே தேவையில்லாத ஒரு பூவை அவங்களுக்குக் கொடுக்கணும்னு ஆசை. வெள்ளை ஃபெலனாப்சிஸை நீட்டினதும் மோந்து பார்த்தாங்க. "கட்டவும் முடியாது, மணக்கவும் இல்ல. இது என்னய்யா பூவு?"

நான் செய்த தப்பை நீங்க செய்யாதீங்க. தொட்டியில செம்மண் போட்டு, ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். வேர் கறுத்து, கூழாகிப் போச்சு. பிறகுதான் படிச்சேன்: அது மரத்தில் ஒட்டி வாழும் செடி. வேருக்கு மண் வேண்டாம், காத்து வேணும். வேரைச் சுத்தி ஸ்பாஞ்ச் மாதிரி வெலமென்னு ஒரு உறை. நனைஞ்சா உறிஞ்சும், அப்புறம் காயணும். இன்னொண்ணு, 28 டிகிரிக்கு மேலேயே வெப்பம் நின்னா ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடாது. நம்ம ஊர்ல கோடையில ராத்திரியே அந்தக் கணக்குதான்!

விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆடிக் காத்துல, திருச்சுழி பக்கம் அப்பத்தா பிறந்த ஊர்ல, ஒரு புளியமரக் கிளை முறிஞ்சு விழுந்தது. விறகுக்கு வெட்டும்போது பார்த்தா, கிளையில் தடித்த வெள்ளை வேரோட ஒரு செடி. "புல்லுருவி, தூக்கி எறி"ன்னாங்க அப்பத்தா. வேரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். தேடினா, வாண்டா டெசெலேட்டா. நம்ம நாட்டு ஆர்க்கிட்!

புல்லுருவி மரத்துக்குள்ள வேரை விட்டு உறிஞ்சும். இது சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வறட்சியைத் தாங்க ஒரு தந்திரமும் வச்சிருக்கு. இலைத்துளைகளைப் பகல்ல மூடிட்டு, ராத்திரி திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துச் சேமிக்கும். கள்ளியும் அன்னாசியும் இதே டெக்னிக்தான். பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருக்கிற நம்ம ஹாஸ்டல் பசங்க மாதிரி.

தறிக் கழிவு நூலால ஒரு மரத்துண்டுல கட்டி, காலை வெயில் மட்டும் படுற இடத்துல தொங்கவிட்டேன். போர் தண்ணியில வேர் மேல உப்பு படிஞ்சது. அதனால டிரம்மில் பிடிச்ச மழைத்தண்ணி, அது தீர்ந்தா ஏசியில சொட்டுற தண்ணி. மினி புராஜெக்ட்ல மிஞ்சின டிஹெச்டி11 சென்சரையும் பக்கத்தில் மாட்டினேன். மே மாதப் பகல்ல ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. செடி அசரலை.

இதைப் படிச்சுட்டு மரத்துல இருந்து பிய்க்கக் கிளம்பிடாதீங்க. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே சேமிச்ச உணவே கிடையாது. இயற்கையில முளைக்க ஒரு பூஞ்சை துணை வேணும். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை சேர்த்த அகர்ல முளைக்க வைக்கலாம்னு 1922ல லூயிஸ் நட்சன் காட்டினார். ஆனா அது லேப். மரத்துல ஒண்ணு போனா, இன்னொண்ணு வர ரொம்ப நாளாகும். பார்க்க ஆசையா இருந்தா ஏற்காடு போங்க, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையோட ஆர்க்கிட் தோட்டம் அங்க இருக்கு.

ரெண்டாவது வருஷம், ஏப்ரல் கடைசியில, ஆறு பூ. மஞ்சள் கலந்த பச்சையில பழுப்புக் கட்டம், நடுவுல ஊதா உதடு. அப்பத்தா கிட்ட வந்து மோந்தாங்க. கொஞ்ச நேரம் பேசலை. "மணக்குதேய்யா."

ஜூலையில எனக்குச் சென்னையில ஜாயினிங். தண்ணி எப்போ, எவ்வளவுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதிச் சுவத்துல ஒட்டினேன். இங்கிலீஷ் மீடியம் பையன், தப்பில்லாமத் தமிழ்ல எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கிறது ஒட்டின பிறகுதான் உறைச்சது.

அவங்க சிரிச்சாங்க. "வேரு வெள்ளையா இருந்தா தண்ணி. பச்சையா இருந்தா வேணாம். அம்புட்டுத்தான? இத்தனை நாளா நீ செய்யுறதப் பார்த்துட்டுத்தானய்யா இருக்கேன்."