675 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தால்



"சேர், மகனுக்கு டெலஸ்கோப் ஒண்டு வாங்கணும், எது நல்லம்?" இந்த மாதம் மட்டும் மூன்று பெற்றோர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெட்டியில் பெரிதாக 525, 675 மடங்கு என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். முன்னால் உள்ள வில்லையின் அல்லது ஆடியின் விட்டம் எத்தனை மி.மீ. என்று பாருங்கள். அதை 2ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்தக் கருவி உருப்படியாகக் காட்டக்கூடிய ஆகக் கூடிய மடங்கு. 60 மி.மீ. என்றால் 120. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிப் போகும்.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு, மேசன் வேலை செய்யும் அவளுடைய வாப்பா சிறுகச் சிறுகச் சல்லி சேர்த்து இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தார். 50 மி.மீ. வில்லை, தொட்டால் ஆடும் மெல்லிய கால்கள். ஒரு கிழமையாக ஒன்றும் தெரியவில்லை. "என்ட கண்ணுலதான் ஏதோ பிழை போல, சேர்" என்றாள். வாப்பாவிடம் சொல்லவும் பயம், அவர் மனசு உடையும் என்று. அந்தக் கால்களைக் கழற்றிவிட்டு, மதிலில் மணல் பை ஒன்றின் மேல் குழாயை வைத்து, 20 மி.மீ. பார்வைத் துண்டை மட்டும் போட்டோம். சந்திரனின் குழிகள் தெரிந்தன. (பார்வைத் துண்டில் இலக்கம் கூடினால் மடங்கு குறையும். எப்போதும் பெரிய இலக்கத்தில் இருந்து தொடங்குங்கள்.)

கையில் சல்லி குறைவென்றால் டெலஸ்கோப்பே வேண்டாம். 10×50 பைனாகுலர் ஒன்று எடுங்கள். சுவரில் சாய்ந்து கையை அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு சந்திரன்கள் தெரியும். 1610இல் கலிலியோ பார்த்தது அவற்றைத்தான். கார்த்திகைக் கூட்டம் அள்ளிக் கொட்டியது மாதிரி இருக்கும். சனியின் வளையம் மட்டும் பிரிந்து தெரியாது, அதற்கு 30, 40 மடங்காவது வேண்டும். தலைப்பிறை தேடவும் பரந்த பரப்பைக் காட்டும் பைனாகுலர்தான் வசதி. வெறுங்கண்ணா கருவியா என்ற விஷயத்துக்குள் நான் போகவில்லை, அது உலமாக்களின் வேலை.

இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்பவர்கள் மேசையில் வைக்கும் டொப்சோனியன் வகையைத் தேடுங்கள், 100 அல்லது 130 மி.மீ. ஆடி உள்ளது. மேல் கீழ், இடம் வலம், அவ்வளவுதான் அதன் அசைவு. பத்து வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். பாரக்கல் தொங்கும் 'ஈக்குவடோரியல்' தாங்கியைக் கடைக்காரர் புகழ்வார். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். நம்ம கிழக்குக் கரையில் அது அடிவானத்திலிருந்து 7, 8 பாகை உயரத்தில்தான் நிற்கிறது, தென்னந்தோப்புக்குப் பின்னால். மலிவான தாங்கி என்றால் ஆட்டம் வேறு. விலையை நான் இங்கே போடவில்லை, டொலரோடு அதுவும் ஏறி இறங்குகிறது. ஒரு வீட்டுக்குப் பாரமென்றால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதை யோசிக்கலாம்.

படங்களில் வரும் நிறங்களைப் பிள்ளைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். ஓரியன் நெபுலா சாம்பல் புகை மாதிரித்தான் தெரியும். ஆனால் மே மாத இரவில் தெற்கே ஒமேகா செண்டோரி என்ற நட்சத்திரக் கொத்து நமக்கு நன்றாகத் தெரியும். லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது.

சூரியன் பக்கம் மட்டும் எதையும் திருப்ப விடாதீர்கள். சில பெட்டிகளில் பார்வைத் துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். சூட்டில் அது வெடிக்கும், கண் போய்விடும். எடுத்து எறிந்துவிடுங்கள். கடல் காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து உள்ளே போட்டு வையுங்கள்.

வரும் வெள்ளி இஷாவுக்குப் பிறகு, மழை இல்லையென்றால், என்னுடைய 10×50ஓடு பாடசாலை மைதானத்தில் நிற்பேன் இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். அவர்கள் ஒருக்காப் பார்க்கட்டும், பிறகு வாங்குவதா இல்லையா என்று பேசலாம்.